வீட்டுக் கணினியும் மின்னணுச் சாதனங்களும் பழுதானால்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

வீட்டில் ஒரு சாதனம் திடீரென்று இயங்காமல் போனால், தெரிந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து பார்ப்பதே பெரும்பாலோரின் வழக்கம். கேபிள்களைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகுகிறோம், ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம், இடையில் ஒரு புதுப்பிப்பையும் நிறுவிவிடுகிறோம். அதன்பின் சாதனம் இயங்கினாலும் எது அதைச் சரிசெய்தது என்று தெரியாது. இயங்காவிட்டாலோ, பழைய பழுதோடு புதிதாக ஒன்றையும் நாமே சேர்த்துவிட்டோமோ என்ற ஐயம் எழும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியைப் பின்பற்றுகிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியபின் பழுது நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், இயன்றவரை ஒவ்வொரு சோதனையும் சந்தேகங்களில் பாதியையாவது நீக்குவதாக அமைய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, டிவியில் படம் வரவில்லை என்று கொள்வோம். செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ கேபிள், டிவியின் இணைப்புத்துளை, டிவியில் தேர்ந்தெடுத்துள்ள உள்ளீடு என்று நான்கு சந்தேகங்கள் இருக்கின்றன. நன்றாக இயங்கும் ஒரு மடிக்கணினியை அதே கேபிளால் அதே துளையில் இணைத்துப் படம் வந்துவிட்டால், ஒரே சோதனையில் மூன்று சந்தேகங்கள் நீங்கி செட்டாப் பாக்ஸ் மட்டுமே மிஞ்சும். படம் வரவில்லையென்றால் செட்டாப் பாக்ஸை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலேயே இந்த மாற்றிப் பார்க்கும் முறையால் பல பழுதுகளின் இடத்தைக் கண்டுபிடித்துவிட முடியும்.

தொடங்கும் முன்

முதலில் எழ வேண்டிய கேள்வி, இந்தச் சாதனத்தில் வேறெங்கும் பிரதி இல்லாத படங்களோ ஆவணங்களோ உள்ளனவா என்பதே. கணினியை மறுபடியும் வாங்கிவிடலாம். குடும்பப் படங்களை வாங்க முடியாது. கணினி இன்னும் தட்டுத்தடுமாறி இயங்கிக்கொண்டிருந்தால், பழுதுபார்ப்பதைத் தள்ளிவைத்துவிட்டு முக்கியமான கோப்புகளை வெளிப்புற வட்டு ஒன்றில் படியெடுத்துவிட வேண்டும். ஹார்ட் டிஸ்கிலிருந்து சீரான இடைவெளியில் 'டிக் டிக்' என்ற ஓசை வந்தால் அதன் தலைப்பகுதி பழுதாகிக்கொண்டிருக்கலாம். அந்நிலையில் வட்டைச் சரிசெய்யும் மென்பொருள்களை ஓட்டுவது இருக்கும் தரவையும் அழித்துவிடக்கூடும். இன்றியமையாத தரவு உள்ளதென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தரவு மீட்புப் பணியாளர்களிடம் கொடுப்பதே சரி.

அடுத்தது பாதுகாப்பு. கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அதிலுள்ள கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை, பிளக்கை எடுத்தபின்னும் சிறிது நேரம் தக்கவைத்திருக்கும். மைக்ரோவேவ் அடுப்பிலுள்ள கெபாசிட்டரின் மின்னழுத்தம் 2,000 வோல்ட்டையும் தாண்டுவது. அதனால் உயிரிழப்பே நேரக்கூடும். பழைய குழாய் வகைத் தொலைக்காட்சிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மடிக்கணினி அல்லது கைப்பேசியின் பேட்டரி உப்பி, மூடியையோ டச்பேடையோ மேலே தள்ளியிருந்தால், அதைச் சார்ஜ் செய்வதையும் பயன்படுத்துவதையும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். உப்பிய பேட்டரியை அழுத்துவதும் துளையிடுவதும் தீப்பிடிக்க வைக்கும்.

மூன்றாவதாக, பழுது எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன மாறியது, திரையில் சரியாக எந்தச் சொற்கள் தோன்றின என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிழைச் செய்தியைப் படித்துப் பார்க்காமல் மூடிவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. ஆனால் அந்த ஒரு வரியே பல சமயம் பாதி விடையாக இருக்கும் என்பதால், அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கணினி இயங்கவே இல்லை

"கணினி ஆன் ஆகவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் வெவ்வேறான மூன்று பழுதுகள் ஒளிந்திருக்கின்றன: பொத்தானை அழுத்தினால் ஒளியும் ஓசையும் அறவே இல்லாமை, ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருத்தல், தயாரிப்பாளரின் சின்னம் வரை வந்துவிட்டு இயங்குதளம் ஏறாமல் நிற்றல். எது என்று முதலில் பிரித்துக்கொண்டால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கும்.

முதல் வகையில் சந்தேகம் மின்சாரத்தின் மீது விழுகிறது. அதே பிளக் பாயிண்டில் மேசைவிளக்கைச் செருகி எரிகிறதா என்று பாருங்கள். நீட்டிப்புப் பலகையைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுவரில் இணையுங்கள். மேசைக்கணினியானால் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறமுள்ள சிறு ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்றும், மின்கேபிள் இறுகப் பொருந்தியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மடிக்கணினியானால் அடாப்டரைக் கழற்றி, வெளியிலிருந்து இணைத்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆன் பொத்தானை ஏறத்தாழ 30 நொடி அழுத்திப் பிடித்திருந்து, பிறகு அடாப்டரை மட்டும் இணைத்து மீண்டும் முயல வேண்டும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்து, மின்மேலாண்மைச் சுற்று புதிதாகத் தொடங்குவதால், உயிரற்றதாகத் தோன்றிய பல மடிக்கணினிகள் இந்த ஒரு செயலிலேயே எழுந்துவிடுகின்றன. வேறு அடாப்டரைப் பயன்படுத்தினால் அதில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவும் முனையின் துருவமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்; ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மடிக்கணினிகளுக்குப் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட் தேவை என்பதால், அதே துளையில் பொருந்துகிறது என்பதற்காகக் கைப்பேசிச் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட்டு மடிக்கணினி பழுது என்று முடிவுகட்டக் கூடாது.

இரண்டாம் வகை, அதாவது ஃபேன் சுற்றியும் படம் வராத நிலைக்கு, பின்வரும் வரிசையைப் பரிந்துரைக்கிறேன்.

1. மானிட்டரின் மின்விளக்கு எரிகிறதா, சரியான உள்ளீடு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டின் துளையில் இருக்க வேண்டும். மதர்போர்டின் துளையில் செருகியிருப்பது மிகப் பொதுவான காரணம்.

2. மடிக்கணினியானால், இருட்டில் திரைமீது டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் கணினி இயங்குகிறது, பின்னொளி மட்டுமே பழுதாகியிருக்கிறது. வெளி மானிட்டரை இணைத்து இதை உறுதிசெய்யலாம்.

3. விசைப்பலகை, மவுஸ் தவிர எல்லா யுஎஸ்பி கருவிகளையும் எடுத்துவிடுங்கள். பழுதான ஒரு பென் டிரைவ் கூடக் கணினியைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடும்.

4. மதர்போர்டு எழுப்பும் பீப் ஓசைகளை எண்ணுங்கள். பல மதர்போர்டுகளில் செயலி, ரேம் (தற்காலிக நினைவகம்), கிராஃபிக்ஸ், பூட் (இயங்குதளத்தை ஏற்றுதல்) ஆகியவற்றைக் குறிக்கும் சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அதில்தான் தொடக்கச் சோதனை தடைபட்டிருக்கிறது. பீப் ஓசையின் பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால் கையேட்டைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

5. மின்கேபிளை எடுத்துவிட்டு, ஆன் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னூட்டத்தை நீக்கியபின், ரேம் பலகைகளைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து முயன்று, பிறகு மற்றதை வைத்து முயலுங்கள்.

ஐந்தாம் படியில் பொறுமை தேவைப்படுகிறது. டிடிஆர்5 ரேம் கொண்ட புதிய கணினிகள், ரேமை மாற்றியபின் முதல்முறை தொடங்கும்போது நினைவகத்தை அளந்து பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் வரை கறுப்புத் திரையோடு நிற்கும். அது பழுதன்று, நடுவில் அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாம் வகையில் வன்பொருளின் பெரும்பகுதி நலமாக இருக்கிறது என்று நம்பலாம். விண்டோஸ் 10, 11 இரண்டும் அடுத்தடுத்துச் சில முறை தொடங்கத் தவறினால் தாமாகவே மீட்புத் திரைக்குச் செல்லும். அங்கிருந்து முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், பிறகு அண்மையில் நிறுவிய புதுப்பிப்பை நீக்குதல், பிறகு சிஸ்டம் ரெஸ்டோர் என்று, கோப்புகளைத் தொடாத வழிகளை முதலில் முயன்று, அனைத்தையும் அழித்து மறுநிறுவுவதை இறுதிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கணினியின் தொடக்க அமைப்புகளான பயாஸை மாற்றுவதற்கு முன், வட்டு விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டுள்ளதா என்று அறிந்துகொள்வது மிக முக்கியம். பூட்டப்பட்டிருந்தால், மாற்றத்துக்குப்பின் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கணினி கேட்கக்கூடும். அது கைவசம் இல்லையென்றால் உள்ளே இருப்பவை எல்லாம் கைவிட்டுப் போகும். சொந்தக் கணினிகளில் இக்குறியீடு பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

தொடர்ந்து வரும் சிறு தொல்லை ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். கணினியைத் தொடங்கும்போதெல்லாம் நாளும் நேரமும் பழையதாகிவிட்டால், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கும். நாள் தவறாக இருக்கும்போது பாதுகாப்பான இணையதளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும் என்பதால், "எந்தத் தளமும் திறக்கவில்லை" என்ற புகாரின் வேர் இந்தச் சிறு பேட்டரியில் இருப்பதுண்டு.

கணினி மெதுவாகிவிட்டது, அல்லது திடீரென்று அணைகிறது

வேகம் குறைந்த கணினியில் "வேகப்படுத்தும்" மென்பொருள்களை நிறுவுவது தேவையற்றது. அவற்றுள் பல தாமே சுமையாக மாறும். முதலில் ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் இதுவும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி செயலில் இருக்கும் விண்டோஸில், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் மையப்பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு மறுமுறை அப்படியே எடுக்கப்படுகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே அதை முழுவதும் புதிதாகத் தொடங்குகிறது. தினமும் அணைத்தும் தீராத தொல்லை ஒரு ரீஸ்டார்ட்டில் தீர்வதன் காரணம் இதுதான்.

அதன்பிறகும் மந்தம் நீடித்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மந்தமாக இருக்கும் அந்த நேரத்திலேயே செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றுள் எது நிரம்பி வழிகிறது என்று பார்க்க வேண்டும். நினைவகம் எப்போதும் 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் திறந்து வைத்திருக்கும் உலாவித் தாவல்களையும் நீட்சிகளையும் குறைக்க வேண்டும், அல்லது ரேமைக் கூட்ட வேண்டும். செயலி நிரம்பியிருந்தால் எந்த நிரல் காரணம் என்பதை அதே பட்டியல் காட்டும். எதுவும் செய்யாமலிருக்கும்போதே வட்டு 100 விழுக்காட்டில் நின்று, அது சுழலும் ஹார்ட் டிஸ்காகவும் இருந்தால், நான் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் பரிந்துரைப்பேன்: சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டிக்கு மாறுவது. பழைய கணினிக்கு இதைவிடத் தெளிவாக வேறுபாடு தெரியும் செலவு வேறில்லை.

சுமையான வேலையின்போது மட்டும் கணினி மந்தமாகி, ஃபேன் இரைந்து, இறுதியில் அணைந்துபோனால் அது வெப்பத்தின் அடையாளம். பெரும்பாலான செயலிகள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் அளவை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. கணினியை அணைத்துப் பிளக்கை எடுத்தபின், காற்றுத்துளைகளிலும் ஃபேனிலும் படிந்த தூசியை அழுத்தக் காற்றால் நீக்குங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் அதிவேகமாகச் சுழன்று கெட்டுவிடாதபடி அதை ஒரு குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் ஆன கணினியில் செயலிமேல் பூசிய வெப்பப் பசை உலர்ந்துபோயிருக்கும். அதைத் துடைத்துப் புதிதாகப் பூசுவது அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

எப்போது உறையும், எப்போது நீலத்திரை காட்டும் என்று கணிக்க முடியாத கணினிக்கு, விண்டோஸிலேயே உள்ள ரிலையபிலிட்டி மானிட்டர் பெரிதும் உதவுகிறது. எந்த நாளில் எந்த நிரல் விழுந்தது, அன்று என்ன நிறுவப்பட்டது என்பதை அது நாள்வாரியாகக் காட்டும். இத்தனை பயனுள்ள கருவியைப் பலர் அறியாமலிருப்பது வருத்தம் தருகிறது. ஒரு டிரைவரோ (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) புதுப்பிப்போ நிறுவிய நாளிலிருந்தே பிழைகள் தொடங்கியிருந்தால் அதைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம். தொடர்பே இல்லாமல் பல நிரல்கள் மாறிமாறி விழுந்தால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் மூலம் ரேமைச் சோதிக்க வேண்டும். விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். இன்னும் அதைப் பயன்படுத்துவோருக்கு, நீட்டிப்புத் திட்டத்தில் சேராவிட்டால், பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை.

இணையம் வரவில்லை

இங்கே பாதியாகப் பிரிக்கும் முறை மிகத் துல்லியமாகப் பலன் தருகிறது. எல்லாச் சாதனங்களிலும் இணையம் இல்லையா, ஒன்றில் மட்டும்தானா? ஒன்றில் மட்டும் என்றால் ரவுட்டரைத் தொடவே வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் இல்லையென்றால், மோடம், ரவுட்டர் இரண்டின் மின்சாரத்தையும் துண்டித்து, அரை நிமிடம் கழித்து மோடத்தை மட்டும் போட்டு, அதன் விளக்குகள் நிலைகொண்டபின் ரவுட்டரைப் போடுங்கள். ஊசியால் அழுத்தும் சிறு துளையிலுள்ள ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். அது சேவை நிறுவனத்தின் இணைப்பு விவரங்கள் உட்பட எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும்.

அதற்குப்பின் கணினியின் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அதை அடையாளப்படுத்தும் எண்ணைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி எதுவும் தரவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். பழுது கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கிறது. முகவரி சரியாக இருந்தால் ரவுட்டரின் முகவரிக்கு, பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை அனுப்புங்கள். பெரும்பாலும் அது 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு அனுப்புங்கள். அதற்கும் பதில் வந்து, இணையதளங்களின் பெயர்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் பழுது பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையில் இருக்கிறது. அமைப்புகளில் டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று இட்டால் தீர்ந்துவிடும். ரவுட்டர் பதில் தந்து 8.8.8.8 தராவிட்டால் சேவை நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாம். இந்தச் சோதனைகளின் முடிவை அவர்களிடம் சொன்னால் உரையாடல் வெகு விரைவில் முடியும்.

வருகிறது, ஆனால் மந்தமாக வருகிறது என்றால், முதலில் கணினியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் முழு வேகமும் வைஃபையில் குறைவும் இருந்தால் இணைப்பு சரி, அலைவரிசையில்தான் நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒன்றோடொன்று மேற்படியாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே என்பதால், அடுக்ககங்களில் அண்டை வீடுகளின் ரவுட்டர்களோடு மோதல் தவிர்க்க முடியாதது. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இடம் அதிகம், ஆனால் சுவர்களைத் தாண்டும் ஆற்றல் குறைவு. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால் அது ஓடும்போது மட்டும் வைஃபை தடுமாறுவது இயல்பு. யுஎஸ்பி 3 கருவிகளும் இதே வரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன. வெளிப்புற வட்டை இணைத்ததும் கம்பியில்லா மவுஸ் தத்தளித்தால் மவுஸின் ரிசீவரைச் சிறு நீட்டிப்புக் கேபிளால் தள்ளி வையுங்கள்.

கேபிளிலேயே வேகம் 95 எம்பிபிஎஸ்ஸை (நொடிக்கு மெகாபிட்) தாண்டாமல் நின்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கிகாபிட் வேகத்துக்கு ஈத்தர்நெட் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம். இன்னொன்று: சேவை நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன, பதிவிறக்கத் திரையோ பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டே உச்ச அளவு.

பிரிண்டர், டிவி, கைப்பேசி

அச்சிடாத பிரிண்டரில், வரிசையில் சிக்கிய ஒரு ஆவணமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். வரிசையிலுள்ள எல்லாவற்றையும் நீக்கி, அச்சு வரிசையைக் கவனிக்கும் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தித் தொடங்குங்கள். வைஃபை பிரிண்டர் "ஆஃப்லைன்" என்று காட்டினால் ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கக்கூடும். ரவுட்டரில் அதற்கென ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் மறுபடி வராது. இங்க்ஜெட்டில் கோடுகோடாக அச்சு வந்தால் முனைகளைச் சுத்தம் செய்யும் வசதியை ஓரிரு முறை மட்டும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் அது மையைச் செலவழிக்கிறது.

டிவியில் படம் மினுங்கினாலோ புள்ளிகள் சிதறினாலோ, தெளிவுத்திறனை 4கே அளவிலிருந்து 1080பி அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் சீரானால் எச்டிஎம்ஐ கேபிளின் திறன் போதவில்லை. 4கே படத்தை நொடிக்கு 60 சட்டங்களாகக் கடத்த 18 கிகாபிட் வரை தாங்கும் கேபிள் தேவைப்படலாம். ஒலி வந்து படம் மட்டும் இல்லையென்றால் மடிக்கணினிக்குச் சொன்ன டார்ச் சோதனை டிவிக்கும் பொருந்தும். ரிமோட் வேலை செய்கிறதா என்று அறிய, அதன் முனையைக் கைப்பேசிக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். அகச்சிவப்பு ஒளி திரையில் ஊதா நிறமாக மினுங்கும். சில கைப்பேசிகளின் பின்கேமரா இவ்வொளியை வடிகட்டிவிடும் என்பதால் முன்கேமராவையும் முயலுங்கள். புளூடூத் ரிமோட்டில் இந்த ஒளி தெரியாமலிருக்கலாம்.

கைப்பேசி சார்ஜ் ஆகவில்லையென்றால் கேபிள், சார்ஜர், பிளக் பாயிண்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபின், சார்ஜிங் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு அடியில் அழுந்திக் கெட்டியாகி, கேபிளின் முனையை முழுதாக உள்ளே செல்லவிடாமல் தடுப்பது மிகப் பொதுவானது. கைப்பேசியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக வெளியே இழுத்து எடுக்கலாம். உலோக ஊசி கூடாது. நனைந்த கைப்பேசியை உடனே அணைத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டத்தில் வைத்து, முற்றிலும் உலரும்வரை சார்ஜரில் இணைக்காமலிருக்க வேண்டும். சூடான காற்றைப் பாய்ச்சினால் உள்ளிருக்கும் ஒட்டுப்பசைகளும் பேட்டரியும் கெடும்.

பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது

கருகிய வாடை, உப்பிய பேட்டரி, உள்ளே சென்ற நீர், ஓசையிடும் வட்டு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் மேற்கொண்டு முயலாமல் நிறுத்திவிட வேண்டும். மற்றவற்றில், உங்கள் குறிப்புத்தாளில் உள்ள சோதனைகள் தீர்ந்துவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் செல்லலாம். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்தச் சூழலில் பழுது தோன்றுகிறது, எவற்றை மாற்றிப் பார்த்தீர்கள், எவை நலமாக உள்ளன என்பதை அந்தத் தாளோடு சேர்த்துக் கொடுங்கள். தரவை அழிக்க அனுமதி உண்டா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவித்து, ரசீதில் சாதனத்தின் தொடர் எண்ணையும் குறிக்கச் சொல்லுங்கள். இயலுமானால் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு, நினைவக அட்டையையும் சிம் கார்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இயங்குதளத்தைச் சோதிக்க அவருக்குக் கடவுச்சொல் தேவைப்பட்டால் தற்காலிகமாக ஒன்றை அமைத்துக் கொடுத்து, சாதனம் திரும்பியவுடன் மாற்றிவிடுங்கள். "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று உலாவித் திரையில் தோன்றும் எண்ணை மட்டும் ஒருபோதும் அழைக்காதீர்கள். அத்தகைய அறிவிப்புகள் மோசடியே. திரை முழுவதையும் அது அடைத்துக்கொண்டு நின்றால் டாஸ்க் மேனேஜர் வழியாக உலாவியை மூடி, மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்க வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால் போதும்.